அந்த ‘உஸ்’ எங்கிருந்து வருகிறது?

லப்டொப்பில் ஹெட்போனைச் சொருகினால் பாட்டுக்குப் பின்னால் ‘உஸ்’ எண்டு ஒரு இரைச்சல். சார்ஜரைப் போட்டால் ஒரு முனகலும் சேரும். மவுஸை அசைத்தால் கீச்சிடும். எங்களில் பலர் ஹெட்போனைத் திட்டிவிட்டுப் புதுசு வாங்கப் போய்விடுகிறோம். ஆனால் இந்த இரைச்சலுக்கு ஏறத்தாழ 150 வருட வரலாறு இருக்கிறது. இது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அந்த வரலாறு. பெரியவர்களின் வாய்மொழிகளைப் பதிவுசெய்து, திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுகிற எங்களுக்கு அது வெறும் தொழினுட்பக் கேள்வி இல்லை.

1876 இல் கிரஹம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய உதவியாளர் தோமஸ் வாட்சன், பொஸ்டன் நகரக் கூரைகளுக்கு மேலால் போன கம்பியில் இரவுகளில் காது வைத்துக் கேட்டார். யாரும் பேசாத கம்பியில் விசித்திரமான சத்தங்கள் வந்தன. சூரியனில் நடக்கும் வெடிப்பா, வேறு கிரகத்துச் செய்தியா எண்டு அப்போது யோசித்ததாகப் பின்னர் எழுதினார். சிரிக்கலாம். ஆனால் மனுசன் இரைச்சலைக் குப்பை எண்டு ஒதுக்கவில்லை.

அந்தக் காலத் தொலைபேசிக்கு ஒரு வயர்தான். மின்னோட்டம் திரும்பி வரும் பாதை நிலம். 1888 இல் ரிச்மண்ட் நகரில் மின்சார ட்ராம் வெற்றிகரமாக ஓடி, அது மற்ற அமெரிக்க நகரங்களுக்கும் பரவியபோது, ட்ராமின் மின்னோட்டமும் தண்டவாளத்தாலும் நிலத்தாலும் திரும்பியது. ஒரு பாதையை இரண்டு பேர் பாவித்தால் என்ன நடக்கும்? தொலைபேசிக்குள் ட்ராம் இரைந்தது. கம்பனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1891 இல் ஒஹாயோவின் உச்ச நீதிமன்றம் ட்ராம் பக்கம் நின்றது. கடைசியில் தொலைபேசிக்காரர் நிலத்தை விட்டு இரண்டாவது வயரைப் போட்டார்கள். இரண்டையும் முறுக்கிவிட்டால் இரைச்சல் குறையும் என்பதற்கு பெல் 1881 இலேயே காப்புரிமை எடுத்திருந்தார். இன்றைய நெட்வேர்க் கேபிளைப் பிரித்துப் பாருங்கோ, உள்ளே அதே முறுக்குத்தான்.

உங்கட லப்டொப்புக்குள் நடப்பதும் அந்த ட்ராம் சண்டைதான். புரொசசர், திரை, சார்ஜர், ஒலிச்சுற்று எல்லாம் நெருங்கி இருந்து ஒரே ‘எர்த்’ பாதையைப் பகிர்கின்றன. மவுஸ் அசையும்போது கீச்சிடுவது அதனால்தான். 1997 இல் இன்டெல் கொண்டுவந்த ‘ஏசி 97’ நியமம் ஒலியைக் கையாளும் அனலொக் பகுதியைத் தனிச் சிப்பாகப் பிரித்தது. இரைச்சலைத் தள்ளி வைப்பதும் அதன் ஒரு நோக்கம். மெல்லிய லப்டொப்பில் எவ்வளவு தூரம்தான் தள்ளி வைப்பது?

இதைவிட ஆழமான இரைச்சலும் உண்டு. சுவீடனில் பிறந்த ஜோன்சனும் நைகுவிஸ்டும் 1928 இல் அமெரிக்காவில் அதை விளக்கினார்கள்: மின்தடை உள்ள எந்தக் கடத்தியும் தன் வெப்பத்தாலேயே இரையும். முழு அமைதி எண்டு ஒன்று இல்லை. நாலு வருடத்துக்குப் பிறகு, கடல்கடந்த ரேடியோத் தொலைபேசியைக் குழப்பும் இரைச்சலை ஆராய்ந்த கார்ல் ஜான்ஸ்கி, இடியோடு சேராத ஒரு ‘உஸ்’ஸைக் கண்டார். அதன் உச்சம் ஒவ்வொரு நாளும் 4 நிமிடம் முந்தி வந்தது. நட்சத்திரங்கள் உதிக்கும் கணக்கும் அதுதான். 1933 இல் அவர் வெளியிட்ட முடிவு: அது பால்வீதியின் சத்தம். வானொலி வானியல் அங்கேதான் பிறந்தது.

சரி, எங்கட வேலைக்கு வருவோம். ஒரு பதிவில் இரைச்சல் கேட்டால் முதலில் அதே கோப்பை போனில் போட்டுக் கேளுங்கோ. அங்கேயும் இருந்தால் அது பதிவுக்குள்ளேயே இருக்கிறது. இல்லையெண்டால் குற்றம் லப்டொப்பில். சார்ஜரைக் கழற்றுங்கோ. ரிவியோடு, ஸ்பீக்கரோடு இணைத்த வயர்களைக் கழற்றுங்கோ. சவுண்ட் செட்டிங்ஸில் மைக் ஹெட்போனுக்குக் கேட்கிற மாதிரி இருந்தால் நிறுத்துங்கோ. அப்பவும் போகாவிட்டால், வெளியே இருந்து யூஎஸ்பியில் சொருகும் சின்ன சவுண்ட் கார்ட் ஒன்று போதும். முனகலை நிறுத்த எர்த் பின்னை மட்டும் உடைக்காதேங்கோ. அது உயிருக்கான பின்.

பதிவுக்குள்ளேயே இருக்கும் முனகலைச் சொஃப்ட்வெயரால் அழிக்க முதல் யோசிக்க வேண்டும். எங்கட நாட்டுக் கரண்ட் செக்கனுக்கு 50 தடவை மாறி ஓடுகிறது. சரியாக 50 இல்லை, கணத்துக்குக் கணம் சிறிது கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கம் மின்வலையமைப்பு முழுக்க ஒன்றுதான். அதைத் தொடர்ந்து குறித்து வைத்த இடங்களில், ஒரு பதிவின் முனகலை ஒப்பிட்டு, அது எப்போது எடுக்கப்பட்டது, நடுவில் வெட்டி ஒட்டினார்களா எண்டு தடயவியலாளர் பார்க்கிறார்கள். ருமேனியாவின் கற்றலின் கிரிகோராஸ் இந்த முறையின் முன்னோடி.

யுத்தகாலச் சாட்சியங்களைப் பதிவுசெய்பவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை. “இந்தக் குரல் உண்மைதானா, வெட்டி ஒட்டினதா?” எண்டு நாளைக்கு ஒருவர் கேட்கக்கூடும். நாங்கள் தொல்லை எண்டு துடைத்த முனகல் அப்போது சாட்சியாக நின்றிருக்கும். அதனால் துப்புரவாக்கிய பிரதியில் வேலை செய்வோம், மூலத்தைக் கை வைக்காமல் இன்னொரு இடத்தில் வைப்போம். கோப்போடு எந்த நாள், எந்த இடம், எந்தக் கருவி எண்டும் எழுதி வைப்போம்.