துப்பலில் தொடங்கிய சுவர்

கன நாளாக எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த விஷயம் இது. ஏன் தள்ளிப்போட்டேன் என்பது கடைசியில் விளங்கும்.

நான் வேலை செய்கிற உணவகம் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், ஷேர்புறூக் மேற்கு வீதியில் இருக்கிறது. சனிக்கிழமை இரவு கடைசிச் சாப்பாடு மேசைக்குப் போனதும் செஃப் அடுப்புகளை அணைப்பார். நான் நிலத்துக்குத் தண்ணீர் அடித்துக் கழுவத் தொடங்குவேன். அவருடைய பழைய ஸ்பீக்கரில் பிங்க் ஃபுளொய்டின் 'த வோல்' தொடங்கும். பன்னிரண்டு வருடமாக இதுதான் நடக்கிறது.

பாட்டோடு சண்டையும் தொடங்கும். 'கம்ஃபர்டப்ளி நம்' என்ற பாட்டில் டேவிட் கில்மோர் இரண்டு இடத்தில் தனியாகக் கிற்றார் வாசிக்கிறார். இரண்டில் எது திறம் என்பதுதான் வழக்கு. செஃப் இரண்டாவதன் பக்கம். வெயிற்றர் வேலை செய்கிற பெடியன் முதலாவதன் பக்கம். நல்லூர்த் திருவிழாவில் எந்தச் செற் நாதஸ்வரம் திறம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் விடிய விடியப் பிடுங்குப்பட்டது ஞாபகம் வரும். மொழிதான் வேறு, விசர் ஒன்றுதான்.

நான் 1979 இல் பிறந்தவன். அந்த அல்பம் வெளிவந்ததும் 1979 நவம்பர் 30 இல்தான். ஆனால் நானும் அதுவும் சந்திக்க முப்பது வருடத்துக்கு மேல் எடுத்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கரண்டில் பாட்டுக் கேட்ட ஆட்கள் நாங்கள். கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்து இழுபடும். எனக்குக் கிற்றார் என்றால் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் இளையராஜா போட்ட 'இளைய நிலா'தான். 2006 இல் ஏ9 பாதை பூட்டுப்பட்டபோது என் பல்கலைக்கழகப் படிப்பும் மூன்றாம் வருடத்தோடு நின்றுபோனது. 2009 இல் இங்கே வந்து கோப்பை கழுவத் தொடங்கினேன். றொக் இசை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று கற்றதுதான்.

எங்கள் வீட்டில் 'எழுபத்தேழு' என்றால் ஆவணிக் கலவரம். மலைநாட்டில் வேலை பார்த்த அப்பா, உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த கதை. செஃப்புக்கு எழுபத்தேழு என்றால் ஜூலை 6. அப்போது அவருக்கு வயது பதினேழு. அன்றைக்கு மொன்றியல் ஒலிம்பிக் ஸ்ரேடியத்தில் பிங்க் ஃபுளொய்ட். அந்த வருடச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிகழ்ச்சி. முந்தின வருடம் ஒலிம்பிக் நடந்த இடம், கோபுர வேலைகூட முடியவில்லை, கூரையும் இல்லை. (அந்த ஸ்ரேடியத்தின் கடனைக் கியூபெக் அரசாங்கம் சிகரெற் வரியும் போட்டு 2006 வரை கட்டியது. தன் நுரையீரலால் கட்டி முடித்தேன் என்பார் செஃப்.)

கூட்டம் சுமார் 80,000. இங்கிலாந்தின் இப்படியான பரீட்சார்த்த றொக் குழுக்களுக்குக் கியூபெக்கில் பெரிய மவுசு இருந்த காலம் அது. ஜெனசிஸ், ஜென்ரில் ஜயன்ற், சுப்பர்ராம்ப் எல்லாவற்றையும் இங்கே தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இங்கேயும் ஆர்மோனியம் என்ற குழு 1976 இல் 'லெப்தாட்' என்று ஒரே கருவில் ஒரு முழு இரட்டை அல்பத்தை பிரெஞ்சில் செய்திருந்தது. ஆகவே வந்த சனம் இசை தெரிந்த சனம்தான். ஆனால் அன்றைக்கு வெடி கொளுத்தினார்கள், கூக்குரல் போட்டார்கள். அமைதியான பாட்டு ஒன்றை இடையில் நிறுத்தி, வெடி கொளுத்தினவர்களை றோஜர் வோட்டர்ஸ் மேடையிலிருந்தே ஏசினார். மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பில் ஏறிக் கத்திக்கொண்டிருந்த ஒரு ரசிகனை, பிறகு, கிட்டக் கூப்பிட்டு முகத்தில் துப்பினார்.

கில்மோருக்கும் அன்றைய நிகழ்ச்சி பிடிக்கவில்லை. கடைசியில் சனம் திரும்பக் கேட்டபோது அவர் மேடைக்கு வரவில்லை. மற்றவர்கள்தான் மெதுவாக ஒரு புளூஸ் வாசித்து முடித்தார்கள். தூரத்தில் நின்ற செஃப் துப்பியதைக் காணவில்லை. "நான் கண்டது வெடிப்புகைதான்" என்பார்.

வோட்டர்ஸ் செய்ததை மறைக்கவில்லை. தன் செயல் தனக்கே அருவருப்பாக இருந்தது என்று பிறகு எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தனக்கும் சனத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, அதை மேடையிலேயே கட்டிக் காட்டினால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. ரொறன்ரோக்காரரான பொப் எஸ்றின் அல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவராக வந்தார். கதையில் பிங்க் என்றொரு பாடகன். போரில் செத்த தகப்பன், பொத்திப் பொத்தி வளர்த்த தாய், அடித்த வாத்திமார், முறிந்த கலியாணம், ஒவ்வொன்றும் ஒரு செங்கல். தகப்பன் கதை வோட்டர்ஸின் சொந்தக் கதை. 1944 இல் இத்தாலியின் அன்சியோவில் அவருடைய தகப்பன் கொல்லப்பட்டபோது இவருக்கு ஐந்து மாதம். எங்கள் ஊரில் அப்படி வளர்ந்த பிள்ளை ஒழுங்கைக்கு ஒன்று இருக்கும். அதனால் அந்தப் பகுதி எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்தாமலே விளங்கியது.

ஆனால் இந்த அல்பத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பிங்க் பாவப்பட்டவன் மட்டுமில்லை. சுவருக்குள் இருந்து இருந்து, கடைசியில் தன்னைப் பார்க்க வந்த கூட்டத்தையே நிறம் பார்த்துப் பிரித்து வெருட்டுகிற சர்வாதிகாரியாக மாறுகிறான். பிறகு தன்னைத் தானே வழக்காடுமன்றத்தில் நிறுத்துகிறான். துப்பினவன் எழுதின கதை இது.

இனி கிற்றாருக்கு வருவோம். 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டின் விதையும் அதே சுற்றுப்பயணம்தான். மொன்றியலுக்கு ஒரு கிழமைக்கு முன்னம் பிலடெல்ஃபியாவில், வயிற்று நோவோடு கிடந்த வோட்டர்ஸுக்கு வைத்தியர் ஊசி போட்டு மேடையேற்றினார். மரத்துப்போன கையோடு வாசித்து முடித்தார். சொல் அவருடையது, மெட்டு கில்மோருடையது. பாட்டை எப்படி ஒழுங்கு செய்வதென்று அதிலும் இருவருக்கும் சண்டை.

கில்மோர் வேகமாக வாசிக்கிற ஆள் இல்லை. ஒரு நரம்பை விரலால் வளைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு இழுத்துக்கொண்டு போய், அங்கே நிற்பாட்டி நடுங்க விடுவார். நாதஸ்வரத்தின் கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமில்லை. அந்தத் தனி வாசிப்பும் ஒரே மூச்சில் வந்ததில்லை. ஐந்தாறு தரம் வாசித்துப் பதிந்து, எது எந்த இடத்தில் நல்லாக வந்தது என்று தாளில் குறித்து, நல்ல துண்டுகளை மட்டும் சேர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னால் வெயிற்றர் பெடியனுக்குக் கோபம் வரும், அது களவு என்பான். செஃப் சொல்லுவார், "ஐந்து சட்டி சூப் வைத்து நல்லதை மட்டும் மேசைக்கு அனுப்பினால் அது களவா?"

1980-81 இல் இதை மேடையேற்றினபோது அட்டைச் செங்கற்களால் உண்மையாகவே சுவர் கட்டினார்கள். பாட்டு நடக்க நடக்கச் சுவர் உயரும், ஆட்கள் மறைவார்கள். 'கம்ஃபர்டப்ளி நம்' வரும்போது வோட்டர்ஸ் சுவருக்கு முன்னால் கீழே நிற்பார். கில்மோர் அந்தச் சுவரின் உச்சியில் ஏறி நின்று கிற்றார் வாசிப்பார். அந்த மேடை நாலே நாலு நகரங்களுக்குத்தான் போனது. துப்பு விழுந்த மொன்றியலுக்கு வரவில்லை.

ஆனால் பாட்டு எங்கெங்கோ போனது. 1980 இல் தென்னாபிரிக்காவில் படிப்பில் பாகுபாட்டை எதிர்த்த மாணவர்கள் அதன் பள்ளிக்கூடப் பாட்டைப் பாட, அரசாங்கம் தடை செய்தது. 1990 ஜூலையில், பேர்லின் சுவர் விழுந்த இடத்தில், வோட்டர்ஸ் திரும்பச் சுவர் கட்டி உடைத்தார். 2010 இல் அந்த மேடையை மொன்றியலுக்கும் கொண்டுவந்தார். 2017 இல் இந்த நகரத்தின் 375வது ஆண்டுக்கு மொன்றியல் ஒப்பெறா அதே கதையை ஒப்பெறாவாக்கியது. செஃப் போகவில்லை. "கில்மோர் இல்லாமல் என்ன சுவர்?" என்றார். 2019 இல் கில்மோரின் கறுத்தக் கிற்றார் ஏலத்தில் கிட்டத்தட்ட 40 இலட்சம் டொலருக்குப் போனபோது மட்டும் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

இப்ப நான் தள்ளிப்போட்ட விஷயம்.

இரண்டு வருடத்துக்கு முன்னம் ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெடியன் எங்களிடம் கோப்பை கழுவ வந்தான். இருபத்திரண்டு வயசு. "அண்ணை, அண்ணை" என்று பின்னால் திரிவான். ஒரு சனிக்கிழமை, நெருக்கடியான நேரம், ஒரு தட்டுக் கிளாசைக் கீழே போட்டுவிட்டான். நான் அவனைப் பார்த்து, "உங்களை ஆர் இஞ்சை வரச்சொன்னது?" என்று கத்தினேன். நான் வந்த புதிதில் வேறொரு குசினியில் ஒருவன் எனக்குச் சொன்ன அதே வசனம். அதைத் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

பெடியன் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான். அதற்குப் பிறகு அண்ணை என்று கூப்பிடவில்லை. இரண்டு கிழமையில் நின்றுவிட்டான். செஃப்புக்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகம் தெரியும். அன்றைக்கு இரவுதான் நிலம் கழுவும்போது, பாட்டை நிற்பாட்டிவிட்டு, அந்தத் துப்பின கதையை எனக்கு முதன்முதலாகச் சொன்னார். அதுவரை கிற்றார் கதை மட்டும்தான் சொல்லியிருந்தார்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்லுகிற பாட்டுகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவை வேண்டும், நானும் கேட்டு அழுதவன். ஆனால் நாங்கள் ஆருக்கு என்ன செய்தோம் என்று சொல்லுகிற பாட்டுகள் குறைவு. நாங்கள் எல்லோரும் எப்போதும் தடுப்பில் ஏறி நின்ற ரசிகனாகவே எங்களை நினைக்கிறோம். மேடையில் நின்று துப்பினவனாக ஒரு நாளும் நினைப்பதில்லை.

போன மாதம் 105 பஸ்ஸில் அவனைக் கண்டேன். காதில் ஹெட்ஃபோன். என்னைக் கண்டான் என்றுதான் நினைக்கிறேன். வாய் திறக்க முதல் வண்டோம் மெட்றோவில் இறங்கிப் போய்விட்டான்.

இந்தப் பக்கத்தைத் தான் வாசிக்கிறதாக அவன் ஒருமுறை சொல்லியிருக்கிறான். தம்பி, இதையும் வாசித்தால், அன்றைக்கு நான் சொன்னது பிழை. கிளாஸ் உடைந்ததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என்னை மன்னிக்க வேண்டும். சனிக்கிழமை பத்தரைக்குப் பிறகு குசினிப் பின்கதவு திறந்துதான் இருக்கும்.