கூடுமிடமே நோயிடம்: வயோமிங் எல்க் மந்தைகளின் நோய்க் கண்காணிப்பு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஜாக்சன் நகரை ஒட்டி, 1912இல் தேசிய எல்க் காப்பிடம் நிறுவப்பட்டது. பனிக்காலத்தில் மலையிறங்கும் எல்க் மான்களின் மேய்ச்சல் நிலத்தை நகரமும் மாட்டுப் பண்ணைகளும் எடுத்துக்கொண்டுவிட்டதால், பட்டினிச் சாவைத் தடுக்கத் தீவனமிடும் வழக்கம் தோன்றியது. இன்று மாநில அரசும் இருபதுக்கு மேற்பட்ட தீவனக்களங்களை நடத்துகிறது. அன்று மந்தையைக் காத்த அந்த ஏற்பாடே இன்று அதன் நலத்துக்கு ஊறாகியிருக்கிறது. நோயுற்ற விலங்குகளை எண்ணுவது மட்டும் கண்காணிப்பு ஆகாது. விலங்குகள் எவ்வளவு நெருக்கமாக, எத்தனை நாள் கூடி நிற்கின்றன என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதற் சான்று கன்றுவீச்சு நோய் (புருசெல்லோசிஸ்). நோயுற்ற பெண்மான் பனிக்காலக் கடைசியில் கருவை வீசுகிறது. தீவனத்துக்காக அருகில் நிற்கும் மற்ற மான்கள் அதை முகர்ந்தும் நக்கியும் நோயை ஏற்கின்றன. மடி கிரீக் தீவனக்களத்தில் 2006 முதல் 2010 வரை மான்களைப் பிடித்துச் சோதித்து, சோதனையில் நோய்த்தொற்று தென்பட்டவற்றைக் கொன்றார்கள். குருதியில் எதிர்ப்பொருள் காணப்பட்டவற்றின் பங்கு 37 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் கூட்டம் கூடும் காரணம் அப்படியே நின்றது. தீவனக்களமே இல்லாத மொன்டானாவிலும், பெருங்கூட்டமாகப் பனிக்காலத்தைக் கழிக்கும் எல்க் மான்களிடம் இந்நோய் உண்டு. ஆகவே குற்றம் தீவனத்தில் அன்று, நெருக்கத்தில் இருக்கிறது. தீவனம் அந்த நெருக்கத்தை ஆண்டுதோறும் உண்டாக்கித் தருகிறது.

இரண்டாவது நோயான நாட்பட்ட மெலிவு நோய் இன்னும் கொடியது. 1967இல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்ட இது, 1981இல் காட்டு எல்க்கிடமும் கண்டறியப்பட்டது. மடிப்பு பிறழ்ந்த பிரியான் புரதமே காரணம். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. விலங்கு மெலிவதற்கு நெடுநாள் முன்பே எச்சிலும் சாணமும் நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகின்றன. கன்றுவீச்சுக் கிருமி வெயிலில் மடியும். பிரியானோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ஆகவே தீவனமிடும் நிலமே நோய்த்தேக்கமாகிவிடக்கூடும். 2020இல் கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவில் வேட்டையாடப்பட்ட எல்க் ஒன்றில் இந்நோய் உறுதியானது. 2024-25 பனிக்காலத்தில் தீவனக்களங்களிலேயே தென்பட்டது.

எண்ணிக்கை சார்ந்த கண்காணிப்பின் எல்லை இங்கே புலப்படும். மாதிரிகள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் தரும் நிணநீர்க் கணுக்கள். ஒரு மந்தையில் 1 விழுக்காடு நோய் இருந்தால் அதை 95 விழுக்காட்டு உறுதியுடன் பிடிக்க ஏறத்தாழ 300 மாதிரிகள் வேண்டும், அவையும் சமவாய்ப்பு முறையில் எடுத்தவையாக இருக்க வேண்டும். முந்நூறும் நோயற்றவை என்று வந்தாலும், 11,000 என்னும் இலக்களவில் பேணப்படும் ஜாக்சன் மந்தையில் அரை விழுக்காடாக, அதாவது 55 விலங்குகளிடம், நோய் ஒளிந்திருக்கலாம். முதல் நோயாளி கண்ணில் படும் நாள், நோய் வந்த நாள் அன்று.

தீவனத்தை உடனே நிறுத்தினால் மான்கள் பட்டினி கிடக்கும், மாட்டுப் பண்ணைகளுக்குள் புகுந்து கன்றுவீச்சு நோயைக் கறவைக்கும் இறைச்சி மாட்டுக்கும் கொண்டுசெல்லும் என்பது வலுவான மறுப்பு. எனவே படிப்படியான விலகலே பொருந்தும்: தீவன நாட்களைக் குறைத்தல், உலர்புல்லைப் புதுப்பனிமேல் பரவலாகத் தூவுதல், பனிக்கால மேய்ச்சல் நிலங்களை மீட்டல். ஒவ்வொரு படிக்கும் நெருக்க அளவை முன்கூட்டியே வரையறுத்து, அது மீறப்பட்டால் நடவடிக்கை தானாகத் தொடங்குமாறு விதிக்க வேண்டும். ஆய்வக முடிவுக்குக் காத்திருந்து தொடங்குவது கன்றுவீச்சு நோய்க்குத் தாமதம் மட்டுமே. பிரியான் ஊறிய மண்ணுக்கோ அது திருத்த முடியாத பிழை.