ஒரே கோலம், வேறு குலம்

சாயல் ஒத்தவரை உறவினர் என்று கொள்வது நம் வழக்கம். இக்கணிப்பு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதை அமேசான் காட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய ஆராய்ச்சியின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1848ஆம் ஆண்டில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்னும் ஆங்கிலேயர் தம் நண்பர் வாலஸுடன் பிரேசில் சென்றார். பதினொரு ஆண்டுகள் அங்குத் தங்கிப் பூச்சிகளைத் திரட்டினார். பறக்கையில் ஒன்றேபோல் தோன்றிய சில, பிடித்துச் சோதித்தபோது வெவ்வேறு குடும்பத்தனவாக இருந்தன. பறவைகள் வெறுக்கும் கசப்புப் பூச்சியின் கோலத்தைப் பூண்டு சுவையான பூச்சி உயிர் பிழைக்கிறது என்று 1862இல் அவர் விளக்கினார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சியது. கசப்புடைய இரண்டு இனங்களும் ஒரே கோலம் பூணுவதேன்? பிரேசிலில் குடியேறிய ஜெர்மானியரான பிரிட்ஸ் முல்லர் 1878இல் இதற்கு விடை கண்டார். இளம் பறவை கடித்துப் பார்த்தே பாடம் கற்கிறது. கோலம் ஒன்றானால், அப்பாடத்திற்குப் பலியாகும் உயிர்களின் இழப்பை இரண்டு இனங்களும் பகிர்ந்துகொள்கின்றன.

அவ்வாறாயின், ஒரே கோலமுடைய இனங்கள் கலந்து ஒன்றாகிவிடாமல் இருப்பது எவ்வாறு? பறவை பார்ப்பது சிறகின் நிறத்தை. துணை தேடும் பூச்சியோ மணத்தையும் அறிகிறது. முட்டையிடும் கொடியையும் ஒவ்வோர் இனமும் தன் விருப்பப்படி தேர்ந்துகொள்கிறது. இருவேறு கோலங்களின் கலப்பில் பிறந்த குஞ்சுக்கு இடைப்பட்ட கோலம் அமைந்தால், அதைக் கண்டு பழகாத பறவை தயங்காமல் கொத்திவிடுகிறது.

கலப்பு என்பது இனங்களின் எல்லையை அழிப்பது என்றே விலங்கு நூலார் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். 2024இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அக்கருத்தைத் திருத்தியது. ஹெலிகோனியஸ் எலிவேட்டஸ் என்னும் இனம், பர்டாலினஸ், மெல்போமெனி என்னும் இரண்டு இனங்களின் கலப்பில் ஏறத்தாழ 1,80,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியதாம். அதன் மரபுப் பொருளில் மெல்போமெனியிடமிருந்து வந்தது நூற்றில் ஒரு பங்களவே. ஆனால் சிறகின் கோலமும், துணையை ஈர்க்கும் மணமும், துணையைத் தேரும் விருப்பமும், முட்டையிடும் கொடியின் தேர்வும் அச்சிறு பங்கோடு பிணைந்துள்ளன. ஆகவே, மெல்போமெனியைப் போன்ற தோற்றத்தைத் தந்த அதே கொடைதான் பர்டாலினஸிடமிருந்து அதைப் பிரித்தும் வைக்கிறது. பெற்ற இனங்கள் இரண்டும் வாழும் காட்டிலேயே அது இன்றும் தனியினமாய்ப் பறந்து திரிகிறது.

ஒப்புமையைக் கண்டு உறவென்றும், கலப்பைக் கண்டு அழிவென்றும் விரைந்து தீர்ப்புக் கூறுகிறோம். உள்ளங்கை அளவும் இல்லாத சிறகுகள் அவ்விரண்டு தீர்ப்புகளையும் மறுபடி ஆராயுமாறு நம்மைப் பணிக்கின்றன.