முகம் காட்டாத பலகைகள்

தேர்தல் விளம்பரங்களை எங்கே வைக்கலாம், எப்போது அகற்ற வேண்டும் என்பன நகரத் துப்புரவு சார்ந்த சிறு விடயங்களாகவே எம்மில் பலருக்குப் படுகின்றன. ஆனால் பொதுவெளியில் எவர் முகம் தெரியலாம் என்பதையும் இவ்விதிகளே தீர்மானிக்கின்றன. சவூதி அரேபிய நகரசபைத் தேர்தல்கள் இதற்குச் சான்று.

2005 இல் அங்கு மூன்று கட்டங்களாகத் தேர்தல் நடந்தது. அல் கோபாரை உள்ளடக்கிய கிழக்கு மாகாணம் மார்ச் 3 இல் வாக்களித்தது. சபைகளின் பாதி இடங்களுக்கே தேர்தல், மீதி நியமனம். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. வேட்பாளர்கள் கூடாரமடித்து விருந்து வைத்தார்கள். தம் படங்களோடு விளம்பரம் செய்தார்கள்.

2015 டிசம்பர் 12 இல் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள், போட்டியும் இட்டார்கள். கூடவே ஒரு தடையும் வந்தது: ஆணாயினும் பெண்ணாயினும் வேட்பாளரின் படம் விளம்பரத்தில் இடம்பெறலாகாது. பெண் வேட்பாளர் ஆண் வாக்காளரோடு நேர்முகமாகப் பேசவும் முடியாது. தடுப்புக்குப் பின்னாலிருந்தோ ஆண் பிரதிநிதி மூலமோதான் பேசலாம்.

எல்லோருக்கும் ஒரே விதிதானே, இதில் என்ன அநீதி என்று சிலர் கேட்கலாம். குலமும் வியாபாரமும் நாலுபேர் கூடும் வரவேற்பறையும் உள்ள ஆணுக்குப் பலகை மேலதிக வசதி மட்டுமே. ஊரறியாத பெண்ணுக்கோ அதுவே முதல் அறிமுகம். சமமற்றவர்கள்மீது விழும் சமவிதி சமமாக இருப்பதில்லை. ஏறத்தாழ 2,100 இடங்களில் பெண்கள் வென்றவை 20 அளவிலேயே. பதிவுசெய்த வாக்காளரில் பெண்கள் பத்தில் ஒரு பங்கினரே என்பதால் பலகையை மட்டும் காரணமாக்குவது தவறு. எனினும் அதனைக் கணக்கில் எடுக்காமலும் விடமுடியாது.

எமது நாட்டுக்கு வருவோம். இலங்கையின் 1981 ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் சட்டம், தேர்தல் காலத்தில் வீதிகளில் சுவரொட்டி, பதாகை, கொடி வைப்பதைப் பெரும்பாலும் தடைசெய்கிறது. கூட்டம் நடக்கும் இடம், வேட்பாளர் செல்லும் வாகனம் போன்ற சில விலக்குகளே உண்டு. ஆயினும் தேர்தலுக்குத் தேர்தல் மதில்கள் நிறைந்ததை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். சட்டத்தை மதிக்கும் சிறு வேட்பாளர் மறைந்துபோக, மீறுபவரின் முகமே மக்கள் மனதில் நிற்கிறது.

வளைகுடாவில் உழைத்த எம்மவருக்கோ, என்னையும் சேர்த்து, அங்கும் வாக்கில்லை, இங்கும் இல்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலிலும் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. பார்வையாளராகவே நின்றவர்களுக்கு ஒன்று தெளிவாகத் தெரியும். பலகையை எப்போது கழற்றுவது என்பதோடு விதி முடிந்துவிடக் கூடாது. பலகை வைக்க வழியில்லாதவர் மக்களைச் சென்றடைவது எப்படி என்பதற்கும் அது விடைசொல்ல வேண்டும்.