ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளை



சென்ற ஆடி மாதத்தில், கனடா நாட்டில் வாழும் என் தங்கையின் இளைய மகன் அடம்பனுக்கு வந்திருந்தான். பதினான்கு வயதுப் பிள்ளை. எங்களூர்ச் சிறுவர்கள் மாலை வேளையில் உதைபந்தாடுவதைச் சில நாள் வேலியோரம் நின்று பார்த்தவன், ஒருநாள் என்னிடம் வந்து, தான் அங்கே ஆடுவது பனிக்கட்டித் தரையில் ஆடும் ஹொக்கி என்றும், தன் அணியில் தானே மைய ஆட்டக்காரன் என்றும் பெருமையோடு கூறினான். எங்கள் கரையோரத்தாருக்குப் பனிக்கட்டி என்றால் மீன்பெட்டிக்குள் இடுவது ஒன்றே. அதன்மேல் ஆட்டமும் உண்டென்பதை அவன் எனக்கு விளக்கவேண்டியதாயிற்று. காற்பாதத்திற் கத்தி போன்ற இரும்பு பூட்டிய பாதணி அணிந்து, பக்கத்துக்கு அறுவராய் நின்று, கறுப்பு இறப்பர் வட்டொன்றை மட்டையால் தள்ளி ஓடுவார்களாம். நடுவர் அவ்வட்டைத் தரையிலிட, இரு பக்கத்து மைய ஆட்டக்காரரும் எதிரெதிரே குனிந்து நின்று அதனைக் கவர முயல்வராம். மைய ஆட்டக்காரன் எதிரியின் கோலுக்கும் ஓடவேண்டும். தன் கோலைக் காக்கவும் திரும்பவேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பின்னர் அவன் கேட்டான்: "மாமா, தமிழரிலே ஹொக்கி ஆடியே வாழ்ந்தவர் யாராவது இருக்கின்றாரா?"

பனித்தரையிலன்று, மண்தரையில் ஆடி வளர்ந்த ஒருவர் உண்டு என்றேன். அன்று முற்றத்தில் அவனுக்குச் சொன்ன கதையையே இன்று உங்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

மராட்டிய மாநிலத்துப் பூனா நகரையடுத்துக் கட்கி என்றோர் ஊர் உண்டு. பிரித்தானியர் காலத்தில் படைவீடாக விளங்கிய அவ்வூரில், படைக்கலத் தொழிற்சாலையொன்று நெடுங்காலமாக நடந்து வந்தது. படைவீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்த இடங்களிலெல்லாம் தென்னாட்டிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேலை தேடிச் சென்று குடியேறின. நம் தீவின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தோரின் கதைக்கு அது தூரத்து உறவுக் கதை. அவ்வாறு கட்கியில் வாழ்ந்த நாகலிங்கம் பிள்ளைக்கும் ஆண்டாளம்மாளுக்கும் நான்காவது ஆண்மகனாக, 1968 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் திகதி, தன்ராஜ் பிள்ளை பிறந்தார். தனத்துக்கு அரசன் என்று பொருள்படும் அப்பெயரை இட்டபோது வீட்டில் இருந்த தனம் சொற்பமே. தந்தையார் தொழிற்சாலை மைதானத்தைப் பராமரிக்கும் பணியாளர். ஐந்து ஆண்மக்களும் அம்மைதானத்திலேயே வளர்ந்தனர் எனலாம். முறிந்த மட்டைகளையும் பிறர் எறிந்துவிட்ட பந்துகளையும் கொண்டு ஆடப் பழகினர். வறுமையிலும் பிள்ளைகளை ஆட்டத்துக்குப் போகவிடாது தடுக்காத தாயாரைத் தன்ராஜ் பின்னாளில் மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தார். ஆட்டத்திலே அவர் பின்பற்ற விரும்பியவர் முகமது சாகித் என்னும் புகழ்பெற்ற முன்னணி வீரர்.

1980களின் நடுப்பகுதியில் தன்ராஜ் பம்பாய்க்குச் சென்றார். மூத்த சகோதரர் இரமேஷ் அங்கே ஓர் உரத் தொழிற்சாலையின் அணியில் ஆடி வந்தார். அக்காலத்து இந்திய ஹொக்கி வீரர் எவருக்கும் ஆட்டம் நேரடியாகச் சோறு போடவில்லை. கம்பனியொன்றோ புகையிரதப் பகுதியோ விமானச் சேவையோ உத்தியோகம் கொடுக்கும். வீரர் அதன் அணிக்காக ஆடுவார். தன்ராஜும் அவ்வாறே மகிந்திரா கம்பனியின் அணியிற் சேர்ந்து, யோக்கிம் கர்வாலோவிடம் பயிற்சி பெற்றார். பின்னர் இந்தியன் எயர்லைன்ஸ் நிறுவனத்தில் உத்தியோகம் பெற்றார். 1989 டிசம்பரில், புதுடில்லியில் நடைபெற்ற ஆசியக் கிண்ணப் போட்டியில் முதன்முறையாக இந்திய அணிக்கு ஆடினார்.

அவர் அணியிற் புகுந்த காலம் எத்தகையது என்பதை அறியாவிடில் அவருடைய வரலாற்றின் பாரத்தை உணர முடியாது. 1928 தொடக்கம் 1956 வரை, ஒலிம்பிக்கில் ஆறு முறை தொடர்ந்து இந்தியா ஹொக்கித் தங்கம் வென்றது. அதில் முதல் மூன்று முறையும் மையத்தில் நின்று ஆடியவர் தியான் சந்த். 1960 இல் பாகிஸ்தானிடம் தோற்றது. 1964 இல் மீண்டும் வென்றது. 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைப் புற்றரை விரிக்கப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. இயற்கைப் புல்லிலே பந்து துள்ளும், தயங்கும். மணிக்கட்டின் நுட்பத்தால் அதனை ஆளலாம். செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு நேராகவும் விரைவாகவும் ஓடும். அங்கே நுட்பத்தினும் ஓட்டமும் உடல்வலுவும் திட்டமும் மேலோங்கின. அத்தரையை விரிக்கப் பெரும் பணம் வேண்டும். ஐரோப்பியரிடமும் அவுஸ்திரேலியரிடமும் அது இருந்தது. கட்கியின் மண்ணில் பழகிய பிள்ளைக்கு அது எட்டாத பொருள். 1980 இல், பல நாடுகள் பங்குபற்றாத மொஸ்கோ ஒலிம்பிக்கில், சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் இந்தியா தங்கம் பெற்றதே அந்த வரிசையிற் கடைசி. அதன்பின் வந்த தலைமுறைக்கு எஞ்சியது பழம்பெருமையும் அதனை மீட்டுத் தரும்படி கேட்ட ஒரு நாடும்.

தன்ராஜின் ஆட்டத்தைத் திரையிற் பார்த்தவர்கள் முதலில் நினைவுகூர்வது அவருடைய வேகத்தையே. நெற்றியில் நீண்ட மயிர் புரள, பந்தை மட்டையோடு ஒட்டவைத்தாற்போல் எதிரணியின் வலயத்துக்குள் பாய்ந்து செல்வார். பழைய இந்திய நுட்பமும் புதிய தரைக்கு வேண்டிய ஓட்டமும் ஒருவரிடமே கூடியிருந்தமைதான் அவருடைய தனிச்சிறப்பு என்பது என் எண்ணம். 1994 இல் சிட்னியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியா ஐந்தாம் இடம் பெற்றது. அப்போட்டியின் பின் தெரிந்தெடுக்கப்பட்ட உலகப் பதினொருவர் அணியில் இடம்பெற்ற ஒரே இந்தியர் தன்ராஜ்.

நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணம், நான்கு சாம்பியன் கிண்ணம், நான்கு ஆசிய விளையாட்டு விழா: இவையனைத்திலும் அவர் ஆடினார். அவற்றுள் 1996 இன் சாம்பியன் கிண்ணம் சென்னையிலே, எழும்பூர் மைதானத்தில் நடந்தது. தமிழ்ப் பெற்றோரின் மகனுக்குத் தமிழ்மக்கள் திரண்டெழுந்து ஆரவாரித்த நாட்கள் அவை.

இனி 1998 ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு டிசம்பரில் பாங்கொக் நகரிலே ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்திய அணிக்குத் தலைவர் தன்ராஜ், பயிற்றுநர் கௌசிக். 1966 இல் இதே பாங்கொக்கில் வென்றதன் பின் 32 ஆண்டுகளாக இந்தியாவுக்கு அத்தங்கம் கிட்டவில்லை. தன்ராஜே 1990 இலும் 1994 இலும் வெள்ளியோடு திரும்பியவர். இம்முறை இறுதியாட்டத்தில் தென்கொரியாவை எதிர்த்து ஆட்டம் ஒன்றுக்கொன்று எனச் சமநிலையில் நிற்க, தண்ட அடிகளால் வெற்றியைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று. கோல் காவலர் ஆசிஷ் பல்லாலின் திறமை துணைநிற்க, இந்தியா 4-2 என வென்றது. அவ்விழாவில் மிகுதியான கோல்களை அடித்தவர் அணித்தலைவரே.

நாடு திரும்பியவர்களுக்கு மாலைகள் வாடுமுன்பே வேறொரு செய்தி காத்திருந்தது. அடுத்த தொடருக்கான அணியில் தன்ராஜின் பெயர் இல்லை. பல்லாலின் பெயரும் இல்லை. வேறு சில மூத்த வீரரின் பெயர்களும் இல்லை. பயிற்றுநரும் நீக்கப்பட்டார். வீரர்களுக்கு ஓய்வு அளிக்கப்பட்டுள்ளது என்பது சம்மேளனம் கூறிய காரணம். ஆட்டக்காரருக்குரிய படிப்பணமும் நல்ல வசதிகளும் வேண்டுமென்று அவர்கள் வாய்திறந்து கேட்டமையே உண்மைக் காரணம் என்று பலரும் கருதினர். 32 ஆண்டுத் தாகத்தைத் தீர்த்தவனுக்கு ஓய்வு கொடுத்தார்கள் என்று நான் சொன்னபோது, என் மருமகன் அதை நம்பவே இல்லை. கனடாவில் அப்படிச் செய்தால் நகரமே கொதித்தெழும் என்றான். இந்தியாவிலும் மக்கள் கொதிக்கத்தான் செய்தார்கள். எனினும் ஹொக்கிச் சங்கங்களின் கதவுகள் மக்கள் குரலுக்கு இலேசில் திறப்பதில்லை.

தன்ராஜ் முன்கோபி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எண்ணியதை எண்ணியவாறே பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிடுவார். அந்நாவினால் அவர் இழந்தவையும் உண்டு. ஆயினும், அணியிற் சேராத இளைய வீரருக்கும் சேர்த்து அவர் கேட்டார் என்பதை எண்ணும்போது அக்கோபத்தைக் குற்றமென்று தள்ள என் மனம் ஒருப்படவில்லை.

தொழில்முறை வீரர் என்ற பெயருக்கு அவரை உரியவராக்கியது வெளிநாட்டு ஆட்டம். இலண்டனில் இந்தியன் ஜிம்கானா, பிரான்சிலே லியோன், ஜெர்மனியிலே ஸ்ருட்கார்ட், மலேசியாவிலே இரு கழகங்கள், டாக்காவிலே அபகானி, ஹொங்கொங்கிலே கால்சா எனப் பல கழகங்களுக்காக ஆடினார். மன்னார்க் கரையிலிருந்து பருவந்தோறும் வேறு கரைகளுக்கு வாடியமைக்கப் போகும் மீனவரைப் போல, மட்டையைத் தோளிலிட்டுக்கொண்டு நாடு நாடாகப் போனார். இந்திய அரசு 1995 இல் அர்ஜுனா விருதையும், பின்னர் 1999-2000 ஆண்டுக்குரிய இராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதையும், அதன்பின் பத்மசிறீ விருதையும் அளித்தது.

எஞ்சியிருந்தது ஒலிம்பிக் பதக்கம். 1992 இல் பார்சலோனாவில் ஏழாம் இடம். 1996 இல் அத்லாந்தாவில் எட்டாம் இடம். 2000 ஆம் ஆண்டு சிட்னியிலே கதவு ஏறத்தாழத் திறந்துவிட்டது. குழு ஆட்டங்களின் கடைசி நாளில் போலந்தை வென்றால் அரையிறுதி. இந்தியா ஒரு கோலால் முன்னின்றது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடமும் இல்லாத வேளையில் போலந்து ஒரு கோலை அடித்துச் சமன்செய்தது. இந்தியாவுக்குப் பதிலாக அரையிறுதிக்குச் சென்ற தென்கொரியா வெள்ளிப் பதக்கத்தோடு வீடு திரும்பியது. இந்தியாவுக்குக் கிடைத்தது ஏழாம் இடம். தன்ராஜ் அன்று மனமுடைந்து அழுதார். அக்காலத்தில் பதினொருவர் எழுபது நிமிடம் ஆடிய ஆட்டத்திலே, இரண்டு நிமிடம் ஒருவனுடைய வாழ்நாட் கணக்கை மாற்றிவிட்டது.

அத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 2002 இல் கொலோன் நகரில் நடந்த சாம்பியன் கிண்ணத்தில், 34 ஆம் வயதில், போட்டியின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். 2003 இல் கோலாலம்பூரில் அவர் தலைமையில் இந்தியா இறுதியாட்டத்திலே பாகிஸ்தானை 4-2 என வென்று ஆசியக் கிண்ணத்தை முதன்முறையாகப் பெற்றது. 2004 இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் இருக்கையிலே பயிற்றுநர் மாற்றப்பட்டார்; புதியவர் ஒரு ஜெர்மானியர். 36 வயது வீரருக்கு அங்கே களத்திற் கிடைத்த நேரம் சொற்பமே. மறுபடியும் ஏழாம் இடம். அதுவே அவருடைய கடைசிச் சர்வதேசப் போட்டி.

339 ஆட்டங்கள் என்று கணக்குச் சொல்கின்றனர். எத்தனை கோல்கள் என்று என் மருமகன் கேட்டான். பனித்தரை ஹொக்கியில் ஒவ்வொரு கோலும், அதற்குப் பந்து கொடுத்தவன் பெயரும் பதியப்படுமாம். இந்தியச் சம்மேளனமோ அக்காலத்தில் கோல் கணக்கை முறையாக வைத்திருக்கவில்லை. 120 க்கு மேல் என்பர் ஒரு சாரார். 170 அளவில் என்பது வீரர் தாமே கூறிய மதிப்பு. சரித்திரம் கற்பிக்கும் எனக்கு இது பெரிய வருத்தம். ஆனால் எங்கள் பகுதியிலே எத்தனை உதைபந்தாட்டக்காரர் எத்தனை கிண்ணங்களை வென்றனர் என்பதற்கு நாமும் ஏடு வைத்திருக்கவில்லையே. வைத்திருந்த சில ஏடுகளும் 2008 இன் இடப்பெயர்வில் போயின.

ஓய்வுக்குப் பின்னரும் அவர் மட்டையைக் கீழே வைக்கவில்லை. இந்தியாவில் தொழில்முறைப் போட்டிகள் தொடங்கியபோது மராட்டிய அணிக்கு ஆடினார். 2012 இல், 43 ஆம் வயதிலும், கர்நாடக அணியோடு களமிறங்கினார். இந்தியா மறுபடி ஒலிம்பிக் பதக்கம் ஒன்றைக் கண்டது 41 ஆண்டுகளின் பின்னர், 2021 இல் நடந்த தோக்கியோப் போட்டியிலே, அது வெண்கலம். 2024 இல் பாரிசில் மீண்டுமொரு வெண்கலம் கிடைத்தது. அவ்விரண்டு அணிகளிலும் ஆடியவர்கள், கட்கியின் மைதானத்தில் முறிந்த மட்டை சுழன்ற காலத்திற் பிறந்திராதவர்கள். தன்ராஜின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூலுக்கு, "என்னை மன்னித்துவிடு, அம்மா" என்று பொருள்படும் தலைப்பு இட்டிருக்கின்றனர்.

கதை முடிந்த மறுநாள் மாலை, என் மருமகன் பூவரசங் கொப்பொன்றை வெட்டி வளைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். எங்களூர்ப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். நாலைந்து நாளில் ஆளுக்கொரு கொப்பு வந்துவிட்டது.