வத்தலக்குண்டுக்கு எத்தனை எழுத்து?

விரல்விட்டு எண்ணினால் எட்டு. பைத்தான் 2 என்ற நிரல்மொழியிடம் யுடிஎஃப்-8 முறையில் எழுதிக் கொடுத்து நீளம் கேட்டால் 39 என்று சொல்லும்! அது எண்ணியது பைட்டுகளை. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3, யூனிகோட் குறியீடுகளை எண்ணி 13 என்றது. (புள்ளிக்கும் உகரக் குறிக்கும் தனிக் கணக்கு. எட்டு இன்னும் வரவில்லை!)

இந்த மாதிரி பழைய குறைகளைத் தீர்க்க, மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசமும் குழுவினரும் தெரிந்தேதான் பழைய நிரல்களோடு ஒத்துப்போகாத பதிப்பைக் கொண்டுவந்தார்கள். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடாத நிரல்கள் ஓடாமல் நின்றன. அதுகூடப் பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரியும். வகுத்தல்தான் ஆபத்து. வட்டிக் கணக்கில் 5/100 என்று எழுதினால் முன்பு விடை 0, இப்போது 0.05. சத்தமே இல்லாமல் தொகை மாறிவிடும். பழைய பதிப்புக்கு 2015-இல் ஆதரவை நிறுத்துவதாக இருந்தார்கள், முடியவில்லை. 2020 ஜனவரி 1 வரை இழுத்தது.