சுண்ணாம்புக்கல்லும் எதிரொலியும்



சாம்பல்தீவிலிருந்து திருகோணமலை நகரைக் கடந்து சீனக்குடாப் பக்கம் சென்றவர்கள் அங்குள்ள எண்ணெய்க் குதங்களை அறிவர். பிரித்தானியக் கடற்படைக்காக இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் எழுப்பப்பட்ட இக்குதங்கள் நூற்றளவின. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது அவற்றுள் ஒன்று தீப்பற்றி எரிந்த கதையை எங்கள் ஊர் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2022 ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அக்காலத்தில் ஒருநாள் என் மாணவன் ஒருவன், “மன்னார்க் கடலில் எண்ணெய் இருக்கிறதாமே, சேர், இன்னும் ஏன் எடுக்கவில்லை?” என்று வினவினான். நான் கலைப் பட்டதாரி. பௌதிகம் கற்றவன் அல்லன். ஆயினும் கேட்ட பிள்ளைக்கு விடை சொல்லியாக வேண்டுமே! அதன் பொருட்டுத் தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

சந்தையிலே மண்பானை வாங்கும் பெண்கள் அதனை விரலாற் சுண்டிப் பார்ப்பர். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடும். நிலத்தின் ஆழத்தை அறியும் முறையும் ஏறக்குறைய இதுவே. முதலாம் உலகப் போரில் மறைந்திருந்த பீரங்கிகளின் இடத்தை அவற்றின் ஒலியைக் கொண்டு கணித்தனர். அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கார்ச்சர் என்ற அமெரிக்கர், போர் முடிந்தபின், அதே வித்தையைப் பாறைகளின் மீது திருப்பினார். 1921 இல் ஒக்லகோமா மாநிலத்தில் அவரும் அவர்தம் தோழர்களும் வெடி வைத்து நிலத்தை அதிரச்செய்து, கீழிருந்து மீண்டுவந்த எதிரொலிகளைப் பதிந்தனர். ஓரினப் பாறை முடிந்து வேறினப் பாறை தொடங்கும் இடத்திலேயே அதிர்வலை திரும்புகிறது. அன்று அவர்கள் வரைந்து காட்டிய எல்லை, களிப்பாறைக்குக் கீழே கிடந்த ஒரு சுண்ணாம்புக்கற் படையின் மேற்பரப்பாகும். ஆகவே இக்கலை பிறந்தபோதே சுண்ணாம்புக்கல்லோடு உறவு பூண்டது எனலாம்.

அவ்வுறவோ எளிதானதன்று. படையின் வடிவத்தை எதிரொலி காட்டிவிடும். அதனுள்ளே எண்ணெய் தங்கத்தக்க இடம் உண்டா என்பதைக் கூறுவதே அரிது. மணற்கல்லில் மணிகளுக்கிடையேயுள்ள துளைகள் ஓரளவு சீராக அமைந்திருக்கும். சுண்ணாம்புக்கல் அத்தகையதன்று. யாழ்ப்பாணத்தாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மழைநீர் கல்லைக் கரைத்துக் குடைந்த வெளிகள் அந்நிலத்தின் கீழே பரந்துள்ளன. நிலாவரைக் கிணறு அதற்குக் கண்கூடான சான்று. ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீர் பெருகும். அடுத்த வளவிலே வெறுங்கல் தட்டும்.

அலையின் வேகத்தைக் கொண்டு கணிக்கலாமே என்று கேட்பீர்கள். நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும் அலை, இறுகிய சுண்ணாம்புக்கல்லில் 6,000 மீற்றர்வரை விரையும். துளைகள் மிகுந்தால் வேகம் குறையும். ஆனால் துளையின் அளவோடு அதன் வடிவமும் குறுக்கிடுகிறது. உருண்டையான பொந்துகள் அலையைச் சிறிதே தாமதப்படுத்தும். மெல்லிய வெடிப்புகளோ, கொள்ளளவிற் சிறியனவாயினும், மிகவும் தாமதப்படுத்தும். மேலும் கல்லின் கட்டு உறுதியாக இருப்பதால், பொந்திலே நிற்பது எண்ணெயா உப்புநீரா என்ற வேறுபாடு எதிரொலியில் மங்கியே ஒலிக்கும். எனவேதான் அறிஞர் அலைப்பதிவை மட்டும் நம்பாது, துளைக்கிணற்றிலிருந்து எடுத்த கற்றுண்டுகளோடும் அங்கு அளந்த வேகங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

இதற்கு நமது அயலிலேயே பெரிய எடுத்துக்காட்டு பம்பாய்க் கடலில் உண்டு. 1960 களின் நடுப்பகுதியில் சோவியத் ஆய்வுக்கப்பலொன்று அக்கடலை அதிர்வலையால் அளந்தது. பம்பாய்க்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில், கடலடியின் கீழே, மேடுபோல் உயர்ந்த பாறையமைப்பொன்று புலப்பட்டது. புலப்பட்டும் என்ன? கடலிலே துளையிடும் மேடை அன்று இந்தியாவிடம் இல்லை. ஜப்பானிற் கட்டப்பட்ட ‘சாகர் சாம்ராட்’ வந்து சேர்ந்தபின், 1974 பெப்ரவரியில் எண்ணெய் கண்டனர். 1976 இல் உற்பத்தி தொடங்கிற்று. அவ்வெண்ணெய் பெரும்பாலும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துக் கல்லும் அதே யுகத்தது! கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் மழைநீர் அக்கல்லைக் கரைத்துத் துளைகளை உண்டாக்கியது. பின்னர் அதன்மேல் களி மூடியது. சுண்ணாம்புக்கல்லும் களியுமாக மாறிமாறி அடுக்கிய படைகள் ஒன்றுபோல் எண்ணெயைத் தரவில்லை. சிலவற்றில் நீர் முந்திக்கொண்டது. 1980 களின் இறுதியில் உச்சத்தைத் தொட்ட உற்பத்தி பின்னர் இறங்கவே, முப்பரிமாண அலைப்பதிவுகளைக் கொண்டு, விடுபட்ட எண்ணெய் எங்கே தங்கியுள்ளது என்று மீண்டும் தேடலாயினர். கண்டுபிடித்த பின்னரும் தேட வேண்டியிருந்தது என்பதை என் மாணவனுக்கு இருமுறை சொன்னேன்.

இனி நம் நாட்டுக் கதை. 1967–68 இல் பிரெஞ்சு நிறுவனமொன்று மன்னார்த் தீவில் அதிர்வலை ஆய்வு நடத்தியது. 1974 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சோவியத் உதவியோடு பேசாலையிலே துளையிட்டது. 1976 இலும் 1981 இலும் பிறநாட்டு நிறுவனங்கள் வடகடலில் முயன்றன. வணிகத்துக்கு உதவும் எண்ணெய் எதிலும் கிட்டவில்லை. அக்காலத்து அலைப்பதிவு தனித்தனிக் கோடுகளாகவே அமைந்தது; இரு கோடுகளுக்கிடையே கிடந்ததை ஊகிக்கத்தான் முடியும்.

மன்னார் வடிநிலத்தில் ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீற்றர்ப் பரப்பை முப்பரிமாணத்தில் அளந்த பின்னர், 2011 இல், கெய்ன் நிறுவனத்துக்காக ‘சிக்கியு’ என்னும் ஜப்பானியக் கப்பல் 1,300 மீற்றருக்கு மேற்பட்ட நீராழத்திலே துளையிட்டது. டொராடோ, பரகுடா எனப் பெயரிட்ட இரு கிணறுகளிலும் இயற்கைவாயு வெளிப்பட்டது. அது நின்றது மணற்கல்லில், சுண்ணாம்புக்கல்லில் அன்று. மூன்றாவது கிணறு வறிதாயிற்று. எண்ணெய் விலை சரிந்ததன் பின், 2015 இல், நிறுவனம் விலகிக்கொண்டது.

திருகோணமலைக்கு அடியில் இருப்பதோ மிகப் பழைய படிகப்பாறை. அதில் எண்ணெய் தேடுவார் இலர். ஆதலின் சீனக்குடாக் குதங்களுக்கு எண்ணெய் வெளியிலிருந்தே வரவேண்டும். இவையெல்லாவற்றையும் பொறுமையோடு கேட்ட அம்மாணவன், “அப்படியானால் மன்னாரில் மூன்றாவது கிணற்றுக்கும் எதிரொலி நன்றாகத்தான் கேட்டிருக்கும், இல்லையா சேர்?” என்றான். கேட்டிருக்கும் என்றேன்.